தலசீமியா பிள்ளைக்கு வைட்டமின் டி: தினமும் சொட்டா, வாரம் ஒரு பாக்கெட்டா, ஒரே ஊசியா?

ரத்தம் ஏற்றும் வார்டில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சந்தித்துக்கொள்ளும் அம்மாக்களின் பேச்சில், உடம்பில் தேங்கிய இரும்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் டெஸ்ட்டுக்கு அடுத்த இடம் வைட்டமின் டிக்குத்தான். "அக்கா, எங்க டாக்டர் வாரம் ஒரு பவுடர் எழுதியிருக்கார். பக்கத்து பெட் தம்பிக்கு ஒரே ஊசியாப் போட்டு முடிச்சிட்டாங்களாம். நாங்களும் அதையே கேட்கலாமா?" என்று போன மாதம் ஒரு தங்கச்சி கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவளை மாதிரியே குழம்பி நிற்கும் பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது 16 வயது. பீட்டா தலசீமியா மேஜர், உடம்பு போதுமான ரத்தத்தைத் தானாக உண்டாக்க முடியாத பரம்பரை நோய். ஏழாம் மாதத்திலிருந்து ரத்தம் ஏற்றுகிறோம். நான் டாக்டர் இல்லை. எவ்வளவு யூனிட், எத்தனை வாரம் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது, எந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது என்பதை என்னால் சொல்ல முடியும்.

## நம் பிள்ளைகளுக்கு இது ஏன் தனிக் கணக்கு

ஒரு பை ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. உடம்பு தானாக வெளியேற்றுவதோ ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிகிராம்தான். மிச்சத்தை இரும்பு இறக்கும் மாத்திரையோ, தோலுக்கடியில் அந்த மருந்தை மெதுவாக ஏற்றும் பம்ப்போ வைத்து நாம்தான் இறக்க வேண்டும். இறக்காமல் தங்கிப்போன இரும்பு முதலில் கல்லீரலில் படியும், பிறகு இதயத்திலும் ஹார்மோன் சுரப்பிகளிலும் உட்கார்ந்துவிடும். பிட்யூட்டரி, தைராய்டு, கணையம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. யாரும் அதிகம் பேசாத இன்னொன்று, பாராதைராய்டு. தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு சுரப்பிகள்.

வெயிலிலோ மருந்திலோ கிடைக்கும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்யாது. கல்லீரல் ஒருமுறை மாற்ற வேண்டும், அப்புறம் சிறுநீரகம் இன்னொருமுறை மாற்ற வேண்டும். சிறுநீரகத்துக்கு "மாற்று" என்று உத்தரவு கொடுப்பது பாராதைராய்டு ஹார்மோன். இந்தச் சங்கிலியில் கல்லீரல், பாராதைராய்டு இரண்டுமே இரும்பு படியும் இடங்கள். அதனால்தான் எதிர்வீட்டுப் பையனுக்கு எட்டு பாக்கெட்டில் சரியானது நம் பிள்ளைக்கும் அப்படியே சரியாகும் என்று நம்பிவிட முடியாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, சங்கிலி ஒழுங்காக இருக்கிறதா என்பது. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாங்கள் தப்புச் செய்த இடம் இதுதான்.

மகளுக்கு 13 வயதில் டி அளவு 11 நானோகிராம் என்று வந்தது. 20க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பது பொதுக் கணக்கு. எங்கள் ஊரில் ஒரு கிளினிக்கில் வாரம் ஒரு பாக்கெட் என்று எட்டு வாரத்துக்கு எழுதினார்கள். முடித்துவிட்டுப் பார்த்தால் 34. எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் ராத்திரி கெண்டைக்கால் இழுக்கிறது என்று அழுவாள். ரத்தம் ஏறும்போது உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது என்பாள். களைப்பு என்று நினைத்து நானும் காலைப் பிடித்துவிட்டுத் தூங்க வைப்பேன்.

ஒரு நாள் ரத்தம் ஏற்றுவதற்கு முன் நர்ஸ் பி.பி. பார்த்தார். முதல் தடவை சரியாக வரவில்லை என்று பட்டையை மறுபடி இறுக்கி கொஞ்ச நேரம் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகளின் கை மணிக்கட்டில் மடங்கியது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போனது. மற்ற நான்கு விரலும் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூம்பு மாதிரி நின்றன. "அம்மா, விரிக்க முடியலம்மா" என்றாள். அந்த நர்ஸ் உடனே பட்டையைத் தளர்த்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். கால்சியம் மிகவும் குறைந்திருந்தால் கை இப்படி மடங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்றும் அவரை நினைத்துக்கொள்வேன்.

அன்று எடுத்த ரிப்போர்ட்டில் கால்சியம் குறைந்து 7.1, பாஸ்பரஸ் ஏறி 6.8. பாராதைராய்டு ஹார்மோன் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. சுரப்பியே சோர்ந்து போயிருந்தது. உத்தரவு கொடுக்க ஆளில்லாமல் ரத்தத்தில் 34 இருந்தும் அது வேலைக்கு ஆகவில்லை. ரத்தப் பையில் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஏற்கெனவே குறைவாக இருந்தவளுக்கு ரத்தம் ஏறும் நேரத்தில் உதடு மரத்தது.

ஆகவே டி அளவோடு கால்சியம், அல்புமின், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், பாராதைராய்டு ஹார்மோன் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ரிப்போர்ட்டில் பி.டி.எச். என்று இருப்பதுதான் அந்த ஹார்மோன். வெறும் டி குறைபாடு என்றால் பி.டி.எச். ஏறியிருக்கும், பாஸ்பரஸ் குறைவாகவோ சரியாகவோ இருக்கும். கால்சியம் குறைந்து, பாஸ்பரஸ் ஏறி, பி.டி.எச். மட்டும் குறைவாகவோ அசையாமலோ இருந்தால் சுரப்பியில் கோளாறு. மக்னீசியம் குறைந்தாலும் பி.டி.எச். சுரக்காது, அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சுரப்பிக் கோளாறு பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். சின்னக் குழந்தைக்கு இல்லாததால் இனியும் வராது என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, அதிகமாகிவிட்டால் நிறுத்த முடியுமா. வைட்டமின் டி கொழுப்பில் தேங்கும். உள்ளே போனதைச் சட்டென்று வெளியே எடுக்க வழியில்லை.

மூன்றாவது, வீட்டில் யார் நினைவு வைத்துக் கொடுப்பது. இரும்பு இறக்கும் மாத்திரை, ஃபோலிக் ஆசிட், சில பிள்ளைகளுக்குத் தைராய்டு மாத்திரை என்று ஏற்கெனவே ஒரு டப்பா நிறைய இருக்கிறது. அதில் இன்னொன்று சேர்ந்தால் எது விடுபடும் என்று யோசிக்க வேண்டும். விடுபடுவது இரும்பு இறக்கும் மாத்திரையாக இருந்துவிட்டால் வைட்டமின் டியால் கிடைத்த நன்மை எல்லாம் கரைந்துபோகும்.

நான்காவது, மற்ற மருந்தோடு ஒத்துப்போகுமா. ஐந்தாவது, முழுச் செலவு. மருந்து விலை சின்னது. டெஸ்ட்டும் பயணமும் சம்பளம் போன நாளும்தான் பெரிது.

## வெயில் மட்டும் போதாதா

பாட்டிமார் எல்லாரும் சொல்வது காலை இளவெயில். ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் இளவெயிலில் ரொம்பக் குறைவு. வெயில் ஏறி, நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது போதுமான அளவு வருகிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரவே வராது. நம் மாநிறத்துக்கு வெளுத்த தோலைவிட அதிக நேரம் வேண்டும், இரும்பு ஏறிக் கறுத்த தோலுக்கு இன்னும் அதிகம். 11 என்று இருக்கும் பிள்ளையை வெயிலில் நிறுத்தி 30க்குக் கொண்டுவர முடியும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். அளவு சரியான பிறகு அது இறங்காமல் பார்த்துக்கொள்ள மதியத்துக்கு முன் கொஞ்சம் விளையாட விடுங்கள், நடந்தால் எலும்புக்கும் நல்லது. சிக்கிள் செல் என்ற ரத்த நோய் உள்ள பிள்ளை என்றால் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெயிலுக்கு அனுப்பக் கூடாது. உடம்பில் நீர் வற்றினால் வலி கிளம்பிவிடும்.

## தினமும் சொட்டு அல்லது சின்ன மாத்திரை

இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2021இல் கொடுத்த வழிகாட்டுதலும் குறைபாட்டைத் தினசரி அளவில் சரிசெய்வதைத்தான் முதலில் வைக்கிறது. உடம்புக்குப் பழக்கமான முறையும் அதுதான், வெயிலும் தினமும் கொஞ்சம்தானே கொடுக்கிறது. இதன் பெரிய நன்மை, கால்சியம் ஏறுகிறது என்று தெரிந்தால் நாளைக்கே நிறுத்திவிடலாம் என்பது. கல்லீரலோ சிறுநீரகமோ சரியில்லாத பிள்ளைக்கு எந்த வழி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் மறைந்திருக்கும் சிக்கல்கள் இரண்டு. ஒன்று, கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து எல்லாம் ஒரே வீரியம் இல்லை. ஒரு மில்லியில் 400 யூனிட் இருப்பதும் உண்டு, 800 இருப்பதும் உண்டு. பாட்டில் மாறினால் அளவும் மாறும். லேபிளை வாசிக்காமல் "வழக்கமா ஒரு மில்லி" என்று கொடுத்துவிடக் கூடாது.

இரண்டாவது இன்னும் முக்கியம். "டி இருக்கும் டானிக்" என்று கேட்டு வாங்கினால் அதில் இரும்பும் சேர்ந்து வரலாம். நாம் ஒரு பக்கம் மாத்திரை கொடுத்து இறக்குவதை இன்னொரு பக்கம் டானிக்கில் ஏற்றிக்கொண்டிருப்போம். வைட்டமின் சியும் அப்படித்தான். பம்ப் போடும் பிள்ளைக்கு, பம்ப் ஓடும் நாளில், டாக்டர் சொன்ன சின்ன அளவில் அது உதவும். மற்றபடி நிறையக் கொடுத்தால் தேங்கிக் கிடக்கும் இரும்பைக் கிளப்பி இதயத்துக்குக் கெடுதல் செய்யும். சப்பிச் சாப்பிடும் கால்சியம் மாத்திரைகளில் சி இருக்கிறதா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எனக்கு இது பழக்கமாகிவிட்டது, மருந்துக்கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்று வாசிப்பேன்.

சரி, யாருக்கு இது நல்லது? சின்னக் குழந்தை, வீட்டில் அம்மாவோ பாட்டியோ கையால் மருந்து கொடுக்கும் வயது, குறைபாடு லேசாக இருப்பது. அப்புறம், அளவு சரியான எல்லாப் பிள்ளைக்கும் பராமரிப்புக்கு. பதினான்கு பதினைந்து வயதில் மருந்து என்றாலே முகத்தைத் திருப்பும் பிள்ளைக்கு இது நடக்காது. திட்டியும் பார்த்திருக்கிறேன், கெஞ்சியும் பார்த்திருக்கிறேன்.

## வாரம் ஒரு பாக்கெட்

வார்டில் "அறுபதாயிரம்" என்றாலே எல்லாருக்கும் புரியும். 60,000 யூனிட் பவுடர். வாரத்துக்கு ஒன்று என்றால் சராசரியாக ஒரு நாளைக்கு 8,500 யூனிட்டுக்கு மேல். குறைபாட்டை நிரப்பும் சில வாரங்களுக்கு ஏற்றது, காலம் முழுக்கக் கொடுப்பதற்கு இல்லை.

மலிவு, ஊசி வலி இல்லை, வாரத்துக்கு ஒருநாள்தான். பாலில் கலக்கச் சொல்கிறார்கள். கலக்கினால் ஒரு பங்கு டம்ளர் அடியில் மணல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிள்ளை மேலாகக் குடித்துவிட்டு வைத்துவிடும். நான் கால் டம்ளர் பாலில் கலந்து கொடுத்து, அடியில் ஒட்டியதில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றிச் சுழற்றி அதையும் குடிக்க வைப்பேன். சாப்பாட்டோடு, கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ உள்ள சாப்பாடாக இருந்தால் நன்றாகச் சேரும், வெறும் வயிற்றில் வேண்டாம். பால் ஆகாத பிள்ளைக்குத் திரவமாக வரும் சின்னப் பாட்டிலும் மாத்திரையும் உண்டு.

இதில் வரக்கூடிய ஆபத்து ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொள்வது. எங்கள் வார்டிலேயே ஒரு பையனுக்கு அப்படி நடந்தது. சீட்டில் இருந்த எழுத்து புரியவில்லை, பத்துப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து கொடுத்துவிட்டார்கள். வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர். கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பையன் தேறிவிட்டான், ஆனால் அந்த அம்மாவின் முகம் எனக்கு மறக்காது. அதனால் ஒன்று செய்யுங்கள்: பாக்கெட்டுகளை வாங்கியதும் ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் தேதி எழுதிவிடுங்கள். எத்தனை வாரம் என்பதையும், அது முடிந்ததும் எதற்கு மாற வேண்டும் என்பதையும் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். "நிறுத்து" என்று யாரும் சொல்லாததால் ஒரு வருடம் தொடர்ந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள்.

சுத்த சைவக் குடும்பங்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். மருந்தில் இருக்கும் டி3 என்ற வகை பெரும்பாலும் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகில் தயாராகிறது. ஈஸ்ட் அல்லது காளானிலிருந்து வரும் டி2 என்ற வகையும் இருக்கிறது, ஆனால் ரத்தத்தில் அளவை நிறுத்தி வைப்பதில் டி3 மேல்.

## ஒரே ஊசி

6 லட்சம் யூனிட் ஊசி என்றால் பத்துப் பாக்கெட்டை ஒரே நாளில் கொடுத்த கணக்கு. தினம் 2,000 யூனிட் சாப்பிட்டால் அது 300 நாளுக்கான அளவு. அலைச்சல் மிச்சம் என்று பார்க்கும்போது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ரொம்பத் தூரத்திலிருந்து மலைக்கிராமப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவிடம் தினமும் கொடு என்று சொல்வது எவ்வளவு எளிது, செய்வது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குத் தெரியும்.

இருந்தாலும் நம் பிள்ளைகளுக்கு இதை நான் கடைசியில்தான் வைப்பேன். சதையில் போட்ட மருந்து மெதுவாக, ஆளுக்கு ஆள் வேறு வேறு வேகத்தில் கசிகிறது. சீக்கிரம் ஏறட்டும் என்று போட்டால் பாக்கெட்டைவிடத் தாமதமாக ஏறுவதும் உண்டு. போட்ட பிறகு கால்சியம் ஏறினாலோ, சிறுநீரகத்தில் கல் இருப்பது தெரிந்தாலோ திரும்ப எடுக்க முடியாது. ஒரே தடவையில் பெரிய அளவு என்பதே எலும்புக்கு நல்லதா என்ற கேள்வியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட்டை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்களுக்குத்தான் விழுவதும் எலும்பு முறிவதும் அதிகமாக இருந்தது என்று 2010இல் முடிவு வெளியானது. அவர்கள் எழுபது வயதைத் தாண்டியவர்கள், நம் பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நிறைய என்றால் நல்லது என்ற நினைப்பை அது அசைத்துவிட்டது.

குடல் உறிஞ்சாத நோய் கூடவே இருந்தால் ஊசிக்கு இடம் உண்டு. வாயால் கொடுப்பது எந்த வழியிலும் நடக்காத வீட்டில், கால்சியமும் சிறுநீரகமும் சரி என்று பார்த்த பிறகு, டாக்டர் முடிவு செய்தால் போடலாம். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா உள்ள பிள்ளை என்றால் சதையில் ஊசியே கூடாது, உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். வேறு காரணத்துக்காகப் போனாலும் இதை ஊசி போடுபவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

## கால்சிட்ரியால்: இது வேறு மருந்து

சுரப்பி சோர்ந்த பிள்ளைக்குக் கொடுப்பது இது. சிறுநீரகம் செய்ய வேண்டிய மாற்றத்தையும் முடித்துவிட்டு வரும் வடிவம், அதனால் பி.டி.எச். உத்தரவு தேவையில்லை. சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும், நிறுத்தினாலும் சீக்கிரம் இறங்கிவிடும். என் மகளுக்குக் கால்சியத்தோடு இதைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ராத்திரி அழுகை நின்றது.

இதற்கு நாம் கொடுக்கும் விலை, ஓயாத கண்காணிப்பு. பி.டி.எச். இல்லாத உடம்பில் கால்சியம் சிறுநீரில் எளிதாகப் போகும், கல் உண்டாகலாம். அதனால் ரத்தத்தில் கால்சியத்தைச் சாதாரண எல்லையின் அடிப்பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். "இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே" என்று நாமாக ஒரு காப்ஸ்யூல் கூட்டக் கூடாது. டெஃபெராசிராக்ஸ் என்ற இரும்பு இறக்கும் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு எப்படியும் சிறுநீரகம் சரியா என்று காட்டும் கிரியாட்டினின் பார்ப்பார்கள், அதே குழாயில் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்த்துவிடலாம். தைராய்டு மாத்திரை இருந்தால் அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நாங்கள் தைராய்டை விடிந்ததும், கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் வைத்திருக்கிறோம்.

டி குறைவு மட்டுமே உள்ள பிள்ளைக்கு "இதுதான் வீரியமானது" என்று கேட்டு வாங்கக் கூடாது. உடம்பில் இருக்க வேண்டிய டி இருப்பை இது நிரப்பாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | கூடிப்போனால் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| தினச் சொட்டு | உடனே நிறுத்தலாம் | விடுபடும் நாட்கள், இரும்பு கலந்த டானிக் | சின்னப் பிள்ளை, லேசான குறைவு, பராமரிப்பு |
| வாரப் பாக்கெட் | நிறுத்தலாம், இறங்க வாரங்கள் ஆகும் | தினம் என்று தப்பாகப் புரிவது, முடிவில்லாமல் தொடர்வது | கணிசமான குறைபாடு, பாராதைராய்டு சரியாக வேலை செய்யும் பெரிய பிள்ளை |
| ஊசி | திரும்ப எடுக்க முடியாது | எப்போது எவ்வளவு ஏறும் என்று தெரியாதது | குடல் உறிஞ்சாதவர், வேறு வழியே இல்லாதவர் |
| கால்சிட்ரியால் | சில நாட்களில் இறங்கும் | அடிக்கடி டெஸ்ட், சிறுநீரகக் கல் | பி.டி.எச். குறைந்தவர் மட்டும் |

என்னிடம் கேட்ட தங்கச்சியின் பையனுக்கு ஒன்பது வயது. பி.டி.எச். ஏறியிருக்கிறது, பாஸ்பரஸ் சரி, டி 14. அவனுக்கு டாக்டர் எழுதிய வாரப் பாக்கெட்டே சரியான வழி, ஊசி கேட்க வேண்டாம், முடிந்ததும் தினச் சொட்டுக்கு மாறுவதைப் பற்றிக் கேள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டோடு கொடுக்கிறாள்.

இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். எலும்பு தேய்வதற்கு டி மட்டும் காரணம் இல்லை. எலும்புக்குள் மஜ்ஜை விரிவது, பிட்யூட்டரி சோர்ந்து பருவ ஹார்மோன் வராமல் இருப்பது, இரண்டும் அதைவிடப் பெரிய காரணங்கள். பெண்ணுக்கு 13 வயதிலும் பையனுக்கு 14 வயதிலும் பருவம் தொடங்கும் அடையாளம் எதுவும் இல்லை என்றால் வைட்டமின் டி கொடுத்துக் காத்திருக்காமல் ஹார்மோன் டாக்டரிடம் போக வேண்டும். பத்து வயதிலிருந்து எலும்பு அடர்த்தி ஸ்கேன் பார்ப்பது வழக்கம்.

அடிக்கடி டெஸ்ட் தேவைப்படும் கால்சிட்ரியாலைத் தவிர வேறு எந்த வழியை எடுத்தாலும் டி அளவை மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால் அளவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், காசு வீண். இதற்கென்று தனியாகக் குத்த வேண்டாம். ரத்தம் ஏற்றும் நாளில், பை தொங்குவதற்கு முன், ரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்சுக்கு எடுக்கும்போதே இந்தக் குழாய்களையும் கேளுங்கள். டி டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. பி.டி.எச். குழாயை மட்டும் எடுத்ததும் தாமதிக்காமல் லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள், வெளியே கிடந்தால் அளவு தப்பாக வரும். எங்கள் வார்டில் அதை நானே கையில் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவேன்.